வாசலில் குளிர வேண்டும்

வேலைக்கு வெளிக்கிடத் தேவமலருக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. கலியாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டின காலத்தில்கூட அவள் இவ்வளவு நேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றதில்லை. முதலில் கம்பளி உள்சட்டை, அதற்கு மேல் மெல்லிய சுவெற்றர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜக்கெட். கீழே நீள உள்காற்சட்டை, அதை மூடி முழங்காலில் இரட்டைத் துணி வைத்த காற்சட்டை. கம்பளிச் சொக்ஸ். காதை மூடுகிற தொப்பி, தொப்பிக்கு மேல் ஹெல்மெற். கையுறை இரண்டு சோடி, ஒன்றுக்குள் ஒன்று.

எல்லாம் போட்டு முடித்து, நாலாம் மாடியிலிருந்து இறங்கி, சைக்கிளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தின பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். பின் லைற் எரிகிறதா என்று பார்க்கவேண்டும். அது சில்லு சுற்றினால் மட்டும் எரிகிற பழைய லைற். ஒருவர் மிதிக்க இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். சொல்ல ஆள் இல்லாததால், தெருவோரம் நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி மெல்லப் போய், கண்ணாடிகளில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். தெரிந்தால் அப்படியே மிதித்துப் போய்விடுவாள்.

அந்த வருடம் ஆனி மாதம் வரைக்கும் இந்தக் கவலை ஒன்றும் அவளுக்கு இருக்கவில்லை. ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் பிறாக்வேடப் பக்கம் வீடு. அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் தள்ளி, காட்டோரமாக ஒரு முதியோர் இல்லம். அதன் சமையலறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்கவேண்டும், தொண்ணூறு பேருக்குக் காலைச் சாப்பாடு. புருஷன் கதிர்காமநாதன் அவளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இன்னும் தூரம் ஓடி, கூற்றர்ஸ்லோப் பக்கம் இருக்கிற ஒரு உறைகுளிர்க் கிடங்கில் தன் வேலைக்குப் போவார். மீன், மரக்கறி, ஐஸ்கிரீம் எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இடம் என்று அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. பின்னேரம் வந்து அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. அறுபத்தொரு வயது. மகன் பிரவீணன் மியூனிக்கிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்தான். அஸ்தியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்தான். திரும்பி வந்தவன், அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாதென்று காரையும் கொண்டு போனான். வீட்டில் அவள் தனியாக மிஞ்சினாள்.

ஆறு மணிக்கு முன்னால் போய்ச் சேருகிற பஸ் இல்லை. கட்டடத்தின் அடியில் சாமான் போட்டு வைக்கிற கெல்லரில், பிரவீணன் பள்ளிக்கூடத்துக்கு ஓடின சைக்கிள் தூசி பிடித்துக் கிடந்தது. தேவமலர் அதை மேலே தூக்கி வந்து, காற்றடித்து, கோடைகாலம் முழுக்க அதில் போய்வந்தாள். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ரியூசனுக்குப் போனவளுக்குச் சைக்கிள் புதிதில்லை. அந்த நாட்களில் காலை ஐந்தரைக்கே வெளிச்சமாக இருந்தது. வயல் பக்கத்து ஒழுங்கையில் முயல்கள் ஓடின.

புரட்டாதியில் மழை தொடங்கியபோது, பிறேமாவின் கணவர் அனந்தராமன் தானாகவே வந்து, "அக்கா, நான் அந்தப் பக்கம்தான் போறனான், ஏறுங்கோ" என்றார். பிறேமா இரண்டு தெரு தள்ளி இருப்பவள், பதினைந்து வருடப் பழக்கம். இரண்டு மாதம் அவருடைய காரில் போனாள். அவர் றேடியோவில் செய்தி போடுவார். இருவரும் பேசமாட்டார்கள். ஒருநாள் பிறேமா போன் எடுத்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு மனசில ஒண்டுமில்லை. ஆனா விடியவெள்ளென, இருட்டுக்க, ரெண்டுபேரும் தனிய ஒரு கார்ல எண்டு ஆக்கள் கதைக்கினம்."

"ஆர் கதைக்கிறது?"

"ஆக்கள்தான் அக்கா."

"சரி பிறேமா. நான் நாளையில இருந்து சைக்கிள்ல போறன்."

"நான் அதுக்குச் சொல்லேல்லை..."

"இல்லை, பறவாயில்லை. எனக்குச் சைக்கிள் நல்லம்."

அது கார்த்திகை மாதத்தின் கடைசி. இரண்டு நாளில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஐந்து பாகைக்கு இறங்கியது.

அன்று காலை அவள் அலுமாரியைத் திறந்து கதிர்காமநாதனின் கிடங்கு ஜக்கெட்டை எடுத்தாள். நீல நிறம், உள்ளே தடித்த பஞ்சு, கழுத்தை மூடுகிற கொலர். எத்தனையோ தரம் அதைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாள், ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. போட்டபோது தோளில் யாரோ கை வைத்து அழுத்துகிறமாதிரி இருந்தது. கை நீளம் அதிகம், மடித்துவிட்டாள். அதற்குள் ஒரு பருத்திச் சட்டை, அதற்கு மேல் இரண்டு சுவெற்றர். உறைகுளிரில் நிற்கிறதுக்கென்று தைத்த உடுப்பு, இந்த ஐந்து பாகை என்ன செய்யப்போகிறது என்று நினைத்தாள்.

மூன்று கிலோமீற்றரில் வேர்க்கத் தொடங்கியது. காட்டோரம் வருகிறபோது முதுகில் வேர்வை வழிந்தது. சமையலறைக்குள் போய் ஜக்கெட்டைக் கழற்றினால் பருத்திச் சட்டை பிழிந்தெடுக்கிற அளவுக்கு நனைந்திருந்தது. மாற்றுடுப்புக் கொண்டு போகவில்லை. மேலே வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். இரண்டரை மணிக்கு வேலை முடிந்தபோதும் அந்த ஈரம் காயவில்லை. திரும்பி வருகிற வழியில் காற்று முன்னுக்கிருந்து அடித்தது. ஈரச்சட்டை முதுகில் ஐஸ்தகடுமாதிரி ஒட்டிக்கொண்டது. வீட்டுக் கதவைத் திறக்கத் திறப்பைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். டொக்டர் ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்தார். மல்லி அவித்துக் குடித்துக்கொண்டு கிடந்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரவீணன் போன் எடுத்தான்.

"அம்மா, குரல் ஒருமாதிரி இருக்கு."

"இப்பதான் நித்திரையால எழும்பினன்."

"பகல் ரெண்டு மணிக்கோ?"

"ஞாயிற்றுக்கிழமைதானே."

அவன் நம்பினான். அவன் நம்பினது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

காய்ச்சல் மாறி வேலைக்குப் போன நாள், உடுப்பு மாற்றுகிற அறையில் ஜெசிக்கா அவளைக் கண்டாள். ஜெசிக்கா முதியவர்களைப் பராமரிக்கிற பிள்ளை, இருபத்தாறு வயது, எந்த மழையிலும் பனியிலும் சைக்கிளில் வருகிறவள். தேவமலர் நீல ஜக்கெட்டைக் கழற்றி, நனைந்த சட்டையை மேசையில் விரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் சிரித்தாள். பிறகு சட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"தேவா, வீட்டு வாசலில் நிற்கும்போது உங்களுக்குக் குளிருகிறதா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"இல்லை, நல்ல சூடு."

"அதுதான் பிழை. வாசலில் குளிர வேண்டும். 'ஐயோ, இன்னும் ஒன்று போட்டிருக்கலாமே' என்று தோன்ற வேண்டும். பத்து நிமிடம் மிதித்தால் உடம்பு தானாகச் சூடேறும். வாசலிலேயே சூடு என்றால் பாதி வழியில் நனைந்துபோவீர்கள். நனைந்தால் பிறகு எந்த ஜக்கெட்டும் காப்பாற்றாது."

"இது குளிருக்கென்றே தைத்த ஜக்கெட்."

"நிற்கிறவருக்குத் தைத்தது. நீங்கள் நிற்கவில்லையே."

அந்தச் சனிக்கிழமை ஜெசிக்கா அவளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். தோலில் படுகிறது பருத்தியாக இருக்கக்கூடாது, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கம்பளிதான் சரி என்றாள். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொன்னாள், கால்விரல் அசைய இடம் இல்லாவிட்டால் எத்தனை சொக்ஸ் போட்டும் விறைக்குமாம். முன்பக்கம் காற்றைத் தடுக்கவேண்டும், முதுகு மூச்சுவிடவேண்டும். கழுத்துக்கு ஒரு குழாய்த்துணி எடுத்துத் தலையால் மாட்டிக் காட்டினாள்.

"கழுத்து குளிரும் என்று சொன்னீர்களே, இதைப் போடுங்கள்."

கழுத்து குளிர்ந்ததன் காரணம் வேறு. முப்பத்திரண்டு வருடமாகத் தாலிக்கொடி கிடந்த இடம் அது. அதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்கிறதென்று தெரியாமல், தேவமலர் தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

ஜக்கெட்டில் அவள் சாம்பல் நிறத்தைத்தான் எடுத்தாள். ஜெசிக்கா அதைப் பிடுங்கித் திரும்பக் கொளுக்கியில் மாட்டிவிட்டு, கண் கூசுகிற மஞ்சள் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "சாம்பலில் நீங்கள் இருட்டுக்குள் இருட்டாகப் போவீர்கள். பாரவண்டிக்காரனுக்கு உங்களைத் தெரிய வேண்டாமா?"

இரண்டு கிழமையால் பிறேமாவின் போன் வந்தது.

"அக்கா, உங்களை ரோட்டில கண்டவையாம். மஞ்சள் உடுப்பாம்."

"ஓம். இருட்டுக்க தெரியவேணுமெல்லோ."

"அது சரி... ஆண்டு திவசமும் முடியேல்லை எண்டு..."

"பிறேமா, லொறி அடிச்சா ரெண்டு திவசம் ஒண்டாச் செய்யவேணும்."

தேவமலர் பிறகு நெடுநேரம் அதை நினைத்து வருந்தினாள். பிறேமா நல்ல பிள்ளைதான். பிறேமாவிடம் அப்படிப் பேசிவிட்டால் பிறகு பேச வேறு யார் இருக்கிறார்கள்.

மார்கழி மாதம் நல்லாகப் போனது என்றே சொல்லவேண்டும். ரெயில் பாலத்துக்குக் கீழே ஜெசிக்கா காத்து நிற்பாள். கடைசி மூன்று கிலோமீற்றரும் இருவரும் முன்னும் பின்னுமாக ஓடுவார்கள். பேச முடியாது, வாயைத் திறந்தால் பல் கூசும். சிவப்பு லைற்றில் நிற்கும்போது ஜெசிக்கா திரும்பிப் பார்த்து, "விரல்?" என்று கேட்பாள். தேவமலர் கையுறையை ஆட்டிக் காட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு. புதுவருடத்தோடு ஜெசிக்கா ஹனோவரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற நாள் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். அடுத்த திங்கட்கிழமை பாலத்துக்குக் கீழே வந்தபோது தேவமலரின் கை தானாகப் பிறேக்கைப் பிடித்தது.

மார்கழிக் கடைசியில் நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கு வாறன் என்று சொன்ன பிரவீணன் வரவில்லை. வேலையில் ஏதோ அவசரம். அவனுக்குப் பதிலாக ஒரு பார்சல் வந்தது: பற்றறியில் சூடேறுகிற கையுறை. போட்டுப் பார்த்தாள், பருத்த விரல்களால் பிறேக் பிடிக்க ஏலாமல் இருந்தது. "நல்ல சூடு" என்று அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பெட்டியில் திரும்ப வைத்தாள்.

நீல ஜக்கெட் இன்னும் அலுமாரியில் தொங்கியது. மார்பில் கிடங்கின் பெயர் தைத்திருந்தது. அது அவர்களுடைய சாமான். யாரும் திருப்பிக் கேட்கவில்லைதான், ஆனால் தனக்குப் பயன்படாத ஒன்றைப் பூட்டி வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. கிடங்கை ஒருதரம் பார்க்கவேண்டும் என்றும் இருந்தது. இத்தனை வருடமாக அந்த மனுசன் நாளின் பாதியைக் கழித்த இடம் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

தைப்பொங்கல் வியாழக்கிழமை வந்தது. வேலை இல்லாத நாள். துக்க வருடம், வீட்டில் பொங்கக் கூடாது. ஜக்கெட்டைத் தோய்த்து மடித்துச் சைக்கிள் பையில் வைத்து, விடிந்து வெளிச்சம் வந்தபிறகு வெளிக்கிட்டாள். பூச்சியத்துக்குக் கீழே ஏழு. வாசலில் நன்றாகக் குளிர்ந்தது. கன்னத்தில் வசலீன் பூசிக்கொண்டு மிதித்தாள். வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. வழியில் நாயோடு நடந்த ஒரு கிழவரைத் தவிர ஒருவரையும் காணவில்லை. போனில் வழி பார்க்கக் கையுறையைக் கழற்றிய இரண்டு தரமும் விரல் விறைத்து, அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கவேண்டியிருந்தது. பதினாறு கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலம்.

கிடங்கு ஜன்னல் இல்லாத பெரிய வெள்ளைப் பெட்டி. கேற்றில் இருந்தவன் புது ஆள், பெயரைச் சொன்னபோது அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கோ போன் எடுத்தான். கொஞ்ச நேரத்தால், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மேற்பார்வையாளர் வந்தார். வொல்ற்மன் என்று பெயர் சொன்னார். மடித்த ஜக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

"காதியின் மனைவியா? இதற்காகவா இந்தக் குளிரில் சைக்கிளில் வந்தீர்கள்?"

அவருக்கு இங்கே காதி என்று பெயர் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நான் உள்ளே ஒருதரம் பார்க்கலாமா?"

அனுமதி இல்லை என்றார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் மட்டும் என்றார். கனமான கதவு பக்கவாட்டில் நகர்ந்தது. பூச்சியத்துக்குக் கீழே இருபத்துநாலு பாகை. மூக்கினுள் இருந்த ஈரம் அந்த நொடியே உறைந்து குத்தியது. கண் இமை ஒட்டியது. மேலே மேலே அடுக்கின பெட்டிகள், வெள்ளை விளக்கு, இயந்திரத்தின் இரைச்சல். இங்கே சைக்கிளில் மாதிரி மிதித்துச் சூடேற வழியில்லை. நிற்கவேண்டும், தூக்கவேண்டும், திரும்ப நிற்கவேண்டும். ஒரு நிமிடம் முடியுமுன்பே அவள் தானாக வெளியே வந்துவிட்டாள்.

வொல்ற்மன் கோப்பி வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "அவருக்கு விரல்கள் வெள்ளையாகப் போகிற வருத்தம் இருந்ததே. டொக்டர் உள்ளே நிற்கவேண்டாம் என்று எழுதினார். நான் மூன்று தரம் கேட்டேன், அனுப்புகிற பகுதிக்கு வா, அங்கே சூடு என்று. அங்கே வேலை ஐந்து மணிக்குத் தொடங்கும். மாட்டேன் என்றுவிட்டார். மனைவி ஆறு மணிக்கு வேலையில் நிற்கவேண்டும், கொண்டுபோய் விடவேண்டும், நேரம் சரிவராது என்றார்."

தேவமலர் கோப்பியைக் கீழே வைத்தாள்.

"எப்போது?"

"முதல் தரம் எட்டு வருடத்துக்கு முன்னால் இருக்கும். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

தெரியாது என்று அவள் சொல்லவில்லை. நன்றி சொல்லி, தொப்பி, ஹெல்மெற், இரண்டு சோடி கையுறை என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். அந்த மனிதர் முன்னால் அத்தனையையும் போட்டு முடிக்க நேரம் எடுத்தது. வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோதுதான் கெல்லர் நினைவு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் பிரவீணன் படிக்க மியூனிக் போய்விட்டான். அன்றிலிருந்து இந்தச் சைக்கிள் கெல்லரில் சும்மா நின்றது. காருக்கு ஏற இறங்கும்போதெல்லாம் அவள் அந்தக் கெல்லர் கதவைக் கடந்துதான் போனாள்.

பாதி வழியில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் செத்து ஏழு மாதத்தில் அவர்மீது அவளுக்கு வந்த முதல் கோபம். வயல் நடுவே, யாரும் இல்லாத ஒழுங்கையில், கழுத்துத் துணிக்குள்ளே சத்தமாகவே சொன்னாள்:

"ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஏலாதெண்டோ சொல்லியிருப்பன்? சைக்கிள் நிண்டதுதானே. என்னை என்னெண்டு நினைச்சனீங்கள்?"

மூச்சு துணியில் பட்டு உறைந்தது. காற்று எதிரே அடித்தது. அவள் அதோடு சண்டைபிடிக்கிறமாதிரி மிதித்தாள். போனதைவிடக் கால் மணித்தியாலம் குறைவாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். உடம்பு முழுக்கச் சூடு, சட்டை கொஞ்சம் ஈரம். ஜெசிக்கா கண்டால் ஏசியிருப்பாள்.

நாலாம் மாடியில் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே மூடி போட்ட பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல், இரண்டு வாழைப்பழம். தொட்டுப் பார்த்தாள், ஆறிப்போயிருந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் பிறேமாவுக்குப் போன் எடுக்கப்பார்த்து, எடுக்க ஏலாமல், கழற்றி எடுத்தாள்.

"நீ வந்தனியோ?"

"ஓம் அக்கா. கனநேரம் பெல் அடிச்சனான். நீங்கள் பொங்கமாட்டியள், ஆனா சாப்பிடலாம்தானே எண்டு... எங்க போனீங்கள் இந்தக் குளிருக்க?"

"சும்மா ஓடிப்போட்டு வந்தன்."

"தனியவோ?"

"ஓம்."

பிறேமா எதையோ சொல்ல வந்து நிறுத்தியது தெரிந்தது. "சூடாக்கிச் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். தான் கொஞ்சம் முன்னால் திரும்பியிருந்தால் பிறேமா உள்ளே வந்து இருந்திருப்பாள். இந்த ஏழு மாதத்தில் யாரும் வந்து மணி அடித்த நாட்கள் குறைவு. அதில் ஒன்றில் தான் வீட்டில் இல்லாமல் போய்விட்டதே என்று தேவமலர் கொஞ்ச நேரம் கதவடியிலேயே நின்றாள்.

பொங்கலைச் சூடாக்கி, மேசையில் ஒரு ஓரத்தில் இருந்து சாப்பிட்டாள். நாலரை மணிக்கு இருட்டிவிட்டது. பிரவீணன் போன் எடுத்தபோது அவள் இன்னும் கம்பளிச் சொக்ஸோடுதான் இருந்தாள். அவனுடைய பக்கம் ரெயிலின் சத்தம் கேட்டது.

"அம்மா, பொங்கல் வாழ்த்துச் சொல்லக்கூடாதாம். அதால சும்மா எடுத்தனான். என்ன செய்தனீங்கள் இண்டைக்கு?"

"அப்பாவின்ர வேலையிடத்துக்குப் போனனான். அந்த நீல ஜக்கெட்டைக் குடுத்திட்டு வந்தன்."

"அங்கயோ? எப்பிடிப் போனீங்கள்?"

"சைக்கிள்ல."

"அம்மா!" என்றான். பிறகு, "அதை நான் வைச்சிருந்திருப்பனே" என்றான்.

அந்த யோசனை அவளுக்கு வரவே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் கொடுத்துவிட்டாள்.

"பிரவீணன், அந்தக் கையுறை எனக்குச் சரிவரேல்லை. நான் நல்லம் எண்டு பொய் சொன்னனான். பிறேக் பிடிக்க ஏலாமல் கிடக்கு. போன மாசம் எனக்குக் காய்ச்சலும். ஒரு கிழமை படுத்துக் கிடந்தனான்."

"ஏன் அம்மா சொல்லேல்லை?"

"இப்ப சொல்லுறன்."

அவன் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் எடுக்கிறேன் என்றான். தேவமலர் சரியென்று சொல்லிவிட்டு, கிடங்கில் கேட்டதை அவனுக்குச் சொல்வதா விடுவதா என்று யோசித்தபடி, உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஹீற்றருக்கு மேலே காயப்போட்டாள். நாளைக்குக் காலை வேலை. வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது. போன் திரும்ப அடிக்க அரை மணித்தியாலம் ஆனது. அடித்தவுடன் எடுத்து, அப்பாவைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும் என்றாள்.